சங்கத்தில் ஊற்றாத பாலுக்கு மூன்று ரூபாய் வருமா?

கேள்வி, சுருக்கமாக: தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று கலப்பின மாடுகள், இரண்டு கறவையில், ஒன்று ஏழு மாதச் சினை. நாளுக்கு 14 லிட்டர் பால், வீட்டு வாசலுக்கே வரும் தனியார் வண்டிக்கு ஊற்றுகிறார். இரண்டு வருடம் முன்பு லிட்டருக்கு 36 ரூபாய் கொடுத்தவர்கள் இப்போது 28 தருகிறார்கள், தீவன மூட்டை 1,450 ஆகிவிட்டது. வண்டிக்காரரிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில். "எல்லை தாண்டி இருக்கும் என் நாத்தனாருக்கு கர்நாடக அரசு லிட்டருக்கு 5 ரூபாய் போடுகிறது, இங்கே 3 ரூபாய் என்றார்கள், எனக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. எனக்கு ஏன் வரவில்லை? கடன் ஏதாவது கிடைக்குமா? ஒரு மாட்டை விற்றுவிடலாமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

வணக்கம் அம்மா.

முப்பது வருடத்துக்கும் மேல் பால்வளத் துறையில் விரிவாக்கப் பணியில் இருந்தவன் நான். உங்கள் கடிதத்தில் இருப்பதைப் போன்ற கணக்கை நூறு தடவையாவது யாராவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு 3 ரூபாய் வராததற்கு யாரும் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டது காரணம் இல்லை. அந்தப் பணம் சங்கத்தின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஏறிய லிட்டருக்கு மட்டும்தான் வரும். வண்டியில் ஏறிய பாலுக்கு வராது.

ஆவின் 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலையை 32லிருந்து 35 ஆக்கியது, எருமைப்பாலை 41லிருந்து 44 ஆக்கியது. அப்புறம் 2023 டிசம்பர் 18 முதல் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. அதோடு சேர்த்துப் பசும்பால் 38, எருமைப்பால் 47. விலை வேறு, ஊக்கத்தொகை வேறு. விலை பட்டுவாடாவோடு வரும். ஊக்கத்தொகை அரசுப் பணம் என்பதால் தனியாக வரும், சில இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாகவும் வந்திருக்கிறது. அது வரும் வழி உங்கள் ஊர்த் தொடக்கப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், அதற்கு மேலே மாவட்ட ஒன்றியம், அதற்கும் மேலே சென்னையில் இருக்கும் கூட்டுறவு இணையம், அதாவது ஆவின். இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறவர் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் அந்தப் பணம் அவரைத் தேடி வராது.

உங்கள் நாத்தனாருக்கு வரும் 5 ரூபாயும் இதே கதைதான். கர்நாடகத்தில் 2008இல் 2 ரூபாயில் தொடங்கி இப்போது 5 ரூபாயாக இருக்கிறது, ஆனால் அங்கேயும் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும்தான். அவர் ஊரில் சங்கம் பக்கத்தில் இருக்கிறது, ஊற்றுகிறார், வருகிறது. உங்கள் ஊரில் வண்டி பக்கத்தில் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கறக்கிற பாலில் ஆவினுக்குப் போவது சிறு பங்குதான். பெரும்பகுதி வீட்டுக்கும் டீக்கடைக்கும் தனியார் பண்ணைக்கும் போகிறது. விலை விழும்போது முதலில் அடி வாங்குவது உங்களைப் போலத் தனியாருக்கு ஊற்றுகிறவர்கள். சங்கத்தில் அறிவித்த விலை உடனே இறங்காது, தனியார் ஒரு வாரத்தில் இறக்கிவிடுவார்கள். அப்படியானால் அரசு உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது எட்டாமல் போகிறது. மகாராஷ்டிரத்தில் 2024இல் இதை வேறு விதமாகச் செய்தார்கள். பால் பண்ணை, கூட்டுறவோ தனியாரோ, முதலில் உற்பத்தியாளருக்கு லிட்டருக்கு 30 ரூபாய் வங்கிக் கணக்கில் போட வேண்டும், அப்படிப் போட்டால் அரசு அதற்கு மேல் 5 ரூபாய் தரும் என்று அந்த ஜூலையில் ஏற்பாடு செய்தார்கள். அந்த 30 ரூபாய் நிபந்தனைதான் அதில் முக்கியம். அது இல்லாவிட்டால் அரசு 5 கொடுக்கிறதே என்று பண்ணைக்காரர் தன் விலையில் 5 குறைத்துவிடுவார், கடைசியில் மானியம் அவர் பைக்குத்தான் போகும். இங்கேயும் அப்படிச் செய்யலாம், செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கோரிக்கை வைப்போம். ஆனால் அது வரும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "அரசு ஏன் பாலுக்கு ஒரு விலை வைக்கக்கூடாது" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மத்திய அரசு 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. நெல் இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, அந்தப் பட்டியலில் பால் இல்லை. அதனால் தனியார் 28 கொடுத்தாலும் 25 கொடுத்தாலும் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. பாலுக்கு நடைமுறையில் ஏதாவது தரை விலை இருக்கிறது என்றால் அது ஆவின் விலைதான், அதுவும் சங்கத்துக்குள் இருக்கிறவருக்கு மட்டும்.

36 ஏன் 28 ஆனது? வண்டிக்காரர் மேல் மட்டும் கோபப்பட வேண்டாம், அவருக்கும் மேலே ஒரு கணக்கு ஓடுகிறது. தனியார் பண்ணைகள் தினம் விற்றது போக மீதிப் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றுகின்றன. நூறு லிட்டர் பாலில் ஏறக்குறைய எட்டரைக் கிலோ பவுடர் கிடைக்கும். பவுடர் விலை கிலோவுக்கு 100 ரூபாய் இறங்கினால் அந்த நூறு லிட்டரில் 850 ரூபாய் போச்சு, அதாவது லிட்டருக்கு எட்டரை ரூபாய். உங்கள் விலையில் இறங்கியதும் 8 ரூபாய்தான், பார்த்தீர்களா? 2022இல் வடக்கே தோல் கழலை நோய் வந்து மாடுகள் செத்தன, பால் குறைந்தது, பவுடர் விலை ஏறியது, 2023 தொடக்கத்தில் தனியார் ஆவினைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். அப்போது நிறைய பேர் சங்கத்தை விட்டு வண்டிக்குப் போனார்கள். நீங்களும் அந்தச் சமயத்தில்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் 36 ரூபாய்க் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. அதில் தப்பில்லை, நாலு காசு கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போவது யாரும் செய்வதுதான். ஆனால் பவுடர் விலை இறங்கியதும் அந்த விலையும் கூடவே இறங்கிவிட்டது, திரும்பி வரும் வழியை முன்பணம் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, முன்பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான்: "வட்டி இல்லாமல் கொடுத்தார், நல்ல மனுஷர்." அவர் நல்லவராகவே இருக்கட்டும். கணக்கை மட்டும் பார்ப்போம். சங்கத்தில் உங்கள் பால் முழுத் தரத்துக்கு நிற்கவில்லை, 35 கிடைக்கவில்லை, 32தான் கிடைக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அதோடு 3 சேர்த்தால் 35. வண்டியில் 28. லிட்டருக்கு 7 ரூபாய் வித்தியாசம், 14 லிட்டருக்கு நாளுக்கு 98 ரூபாய். மாடு பத்து மாதம் கறக்கிறது, பால் இதே அளவில் நிற்கிறது என்று வைத்தால் 300 நாளுக்கு 29,400. மாடு போகப்போகப் பால் குறையும், அதனால் இருபதாயிரம் என்றே வையுங்கள். 40,000 ரூபாய் முன்பணத்துக்கு ஒரு கறவைக் காலத்தில் இருபதாயிரம் கொடுக்கிறீர்கள், முதல் அப்படியே நிற்கிறது. ஊரில் கந்துவட்டி என்று நாம் திட்டுகிற வட்டிகூட இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

இதிலிருந்து வெளியே வரத்தான் கடன் அட்டையைச் சொல்லப்போகிறேன். கிசான் கடன் அட்டை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறைய பேர். 2018-19லிருந்து மாடு வளர்ப்பவர்களுக்கும் அது உண்டு, பட்டா வேண்டியதில்லை, மாடு உங்கள் தொழுவத்தில் இருந்தால் போதும். கால்நடைக்கு என்று மட்டும் எடுத்தால் 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதம் திரும்ப வரும், ஆக 4 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை எந்த அடமானமும் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நகை கொண்டு வா, பத்திரம் கொண்டு வா என்று மேலாளர் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள், எழுத்தில் மறுப்புக் கேளுங்கள். எழுதிக் கொடு என்றதும் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள். இது புது மாடு வாங்கும் கடன் இல்லை. தீவனம், மருந்து, பராமரிப்பு என்று நடப்புச் செலவுக்கான கடன். ஒரு மாட்டுக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு தீர்மானித்திருக்கும், மூன்று மாட்டுக்கு அதைக் கணக்கிட்டுத் தருவார்கள். ஆகவே 2 லட்சம் கையில் வரும் என்று கனவு காணாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது: தீவனச் செலவை இந்தக் கடனில் சமாளித்துக்கொண்டு, பால் பணத்தில் தீவனத்துக்கு இதுவரை போன பங்கை மாதாமாதம் வண்டிக்காரர் முன்பணத்துக்குக் கட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் தேதியோடு நோட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். 40,000க்கு 4 சதவீத வட்டி வருடத்துக்கு 1,600 ரூபாய், நீங்கள் இப்போது விட்டுக்கொண்டிருக்கும் இருபதாயிரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. தவணைத் தேதியை விட்டால் அந்த 3 சதவீதம் போய்விடும், அடுத்த வருடம் புதுப்பிக்கவும் கஷ்டம். அட்டைப் பணத்தை வேறு செலவுக்கு, குறிப்பாகக் கல்யாணம் காதுகுத்துக்கு எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடனையும் சங்க உறுப்பினர் அட்டையையும் உங்கள் பெயரிலேயே எடுங்கள் அம்மா. கணவர் ஓசூரில் வேலைக்குப் போகிறார், விடிகாலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, மடி கழுவிக் கறப்பது நீங்கள். ஆனால் எங்கள் பதிவேடுகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆண் பெயர்களாகத்தான் இருக்கும். வங்கிக் கணக்கு அவர் பெயரில், பணம் அவர் கைப்பேசிக்குச் செய்தியாகப் போகும், கறந்தவருக்கு எவ்வளவு வந்தது என்றே தெரியாது. இதை ஒரு சண்டையாகச் செய்ய வேண்டாம், ஆனால் செய்துவிடுங்கள்.

மூன்று கிலோமீட்டர் தூரம் என்பது உண்மையான தடைதான், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் நாலு நடை என்றால் பன்னிரண்டு கிலோமீட்டர். உங்கள் தெருவில் வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு பையன் இருசக்கர வண்டியில் இரண்டு கேன் கட்டி எடுத்துப் போவான், லிட்டருக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் கட்டுப்படியாகும். இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. பல ஊர்களில் அந்தப் பையன் எல்லாப் பாலையும் ஒரே கேனில் கலந்து தன் பெயரில் ஊற்றிவிடுவான். வசதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். விலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவான், ஊக்கத்தொகை அவன் கணக்கில் போய் நிற்கும், பதிவேட்டில் அவன் நூறு லிட்டர் ஊற்றும் பெரிய பண்ணையாளன், நீங்கள் இல்லவே இல்லை. நாளைக்கு வேறு உதவி வந்தாலும் அவன் பெயரில்தான் வரும். ஆகவே ஆளுக்கொரு தூக்கு, தூக்கில் பெயர், சங்கத்தில் தனித்தனியாக அளந்து தனித்தனிச் சீட்டு. பையன் முணுமுணுப்பான், பரவாயில்லை.

பால் அளவு போதுமானதாக இருந்தால் உங்கள் ஊரிலேயே சேகரிப்பு வைக்கச் சொல்லி ஒன்றியத்துக்கு மனு கொடுக்கலாம். மகளிர் சங்கங்கள் நம் மாநிலத்தில் பல ஊர்களில் நன்றாகவே நடக்கின்றன, நீங்கள் ஏழெட்டுப் பேரும் பெண்கள் என்றால் அதை யோசியுங்கள். அடுத்த ஊர்ச் சங்கத்தில் "வெளியூர்க்காரர்களைச் சேர்க்க மாட்டோம்" என்று சொன்னால், அவர்கள் துணை விதியில் எந்தெந்த ஊர் அவர்கள் எல்லை என்று இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் எல்லைக்குள் இருந்தும் மறுத்தால், மாவட்டத்தில் பால்வளத் துணைப் பதிவாளர் இருக்கிறார், அவருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

இனி எல்லோரும் பேசாமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தில் சேர்ந்துவிட்டால் மட்டும் 38 கிடைத்துவிடாது. 35 என்பது 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் இதர திடப்பொருளும் இருக்கும் பசும்பாலின் விலை. இந்த இதர திடப்பொருளைத்தான் எஸ்.என்.எஃப் என்று சீட்டில் போடுவார்கள். ஜெர்சிக் கலப்பு கொழுப்பில் நிற்கும், ஹோல்ஸ்டீன் கலப்பு பெரும்பாலும் நிற்காது. எஸ்.என்.எஃப் கொஞ்சம் சரிந்தாலும் விலை விழும். உறுப்பினர்கள் பெரும்பாலோர் சீட்டில் லிட்டரையும் ரூபாயையும் மட்டும் பார்ப்பார்கள், நடுவில் இருக்கும் அந்த இரண்டு எண்களைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் விலையைத் தீர்மானிப்பது அந்த இரண்டும்தான்.

நான் பணியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மலையடிவார ஊர்ச் சங்கம், மார்கழி, காலை ஐந்தே முக்கால் இருக்கும். ஒரு அம்மா சேலை முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். வீடு சங்கத்துக்கு எதிரிலேயே. கறந்த பால் அப்படியே சூடாக, மேலே இரண்டு விரற்கடை நுரையோடு. சங்கத்தில் பாலைச் சோதிக்கும் டெஸ்டர் அதைக் குடுவையில் ஊற்றி, பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியைப் போட்டார், 26 காட்டியது. "தண்ணி கலந்திருக்கே" என்றார். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், பால் 35 டிகிரி. பால்மானி 27 டிகிரிக்குச் செய்தது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.2 சேர்க்க வேண்டும். எட்டு டிகிரிக்கு 1.6, ஆக உண்மையில் 27.6. பால்மானி நான்கு குறைந்தால் எஸ்.என்.எஃப் ஒன்று குறையும், அப்படியென்றால் அந்த அம்மாவுக்கு 0.4 காணாமல் போயிருந்தது. தினமும். எதிர்வீடு என்பதால் அவர் பால்தான் எப்போதும் சூடு ஆறாமல் வந்தது. மூன்று மாதமாக அவர் தண்ணீர் கலப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார், ஒரு சொட்டுக் கலக்கவில்லை. அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை, தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பணத்தைவிட அந்தப் பேச்சுதான் அவரை அரித்திருக்கிறது.

இப்போது பல சங்கங்களில் இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் அதற்கும் நுரை ஆகாது, காற்றுக்குமிழி இருந்தால் தப்பாகக் காட்டும். அதைச் சரிபார்த்து அளவு திருத்தவும் வேண்டும். ஆகவே பாலை வடிகட்டி, தூக்கைத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, நுரை அடங்கிய பிறகு கொண்டு போங்கள். மாதிரி எடுக்கும் முன்பு கலக்கிவிடச் சொல்லுங்கள், மேலாக எடுத்தால் ஒரு கொழுப்பு, அடியில் எடுத்தால் ஒரு கொழுப்பு. சந்தேகம் வந்தால் அங்கேயே இரண்டாம் முறை போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் ஒரு பால்மானி வைத்துக்கொண்டால் நல்லது, பெரிய விலை இல்லை.

கறப்பதிலும் விஷயம் இருக்கிறது. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றுக்கு விட வேண்டுமானால் முதலில் விடுங்கள், கடைசிச் சொட்டு தூக்குக்கு வரட்டும். உங்கள் பகுதியில் கேழ்வரகுத் தாளுக்குக் குறைவில்லை, அது கொழுப்பைப் பிடித்து நிறுத்தும். வெறும் அடர்தீவனத்தை அள்ளிப் போட்டால் பால் கூடும், கொழுப்பு குறையும். எஸ்.என்.எஃப் நிற்க வேண்டுமானால் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இருந்தாலும் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நட்டுவிடுங்கள், குளிக்கிற தண்ணீர் பாய்ந்தாலே வரும். வரப்பில் வேலிமசால் என்ற தீவனச் செடியைப் போடுங்கள். 1,450 ரூபாய் மூட்டையில் மாதம் ஒன்று மிச்சமானால் உங்களுக்கு அது கிட்டத்தட்ட மூன்று ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சமம் அம்மா: 14 லிட்டர், 3 ரூபாய், 30 நாள், 1,260. எஸ்.என்.எஃப் திடீரென்று இறங்கினால் மடியைத் தொட்டுப் பாருங்கள், மடிநோய் வெளியே தெரியும் முன்பே பாலில் காட்டிவிடும்.

காப்பீட்டை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் விலை விழுந்த வருடத்தில் ஒரு மாடு செத்தால் குடும்பம் எழுந்திருக்கவே முடியாது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது. இப்போது கால்நடைக் காப்பீட்டில் பிரீமியத்தில் நீங்கள் கட்ட வேண்டியது 15 சதவீதம்தான், மீதியை மத்திய அரசும் மாநில அரசும் கட்டும். உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள், சினை மாட்டை முதலில் சேருங்கள். காதில் இருக்கும் 12 இலக்க வில்லையைப் பத்திரமாகப் பாருங்கள். வேலியில் மாட்டி அறுந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிப் புது வில்லை போட்டுப் பதிவை மாற்றுங்கள். வில்லை இல்லாமல் இழப்பீடு கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும், மாடு செத்தது உண்மை, காகிதத்தில் வேறு மாடு. மகாராஷ்டிரத்தில் அந்த 5 ரூபாய் வாங்கவும் மாட்டின் வில்லை எண்ணும் உரிமையாளரின் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். நம் ஊரிலும் நாளைக்குத் தனியாருக்கு ஊற்றுகிறவர்களுக்கு ஏதாவது வந்தால் இந்த வழியில்தான் வரும் என்பது என் எண்ணம். கோமாரித் தடுப்பூசிக்கு வரும்போது வில்லை எண்ணைப் பதிவு செய்வார்கள், அன்றைக்கு வீட்டில் இருங்கள், உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டை விற்பது பற்றி. சினை மாட்டை இப்போது விற்காதீர்கள். ஏழு மாதம் தீவனம் போட்டு வளர்த்ததன் பலன் இரண்டு மாதத்தில் வரப்போகிறது, வற்றியிருக்கும் மாட்டுக்குச் சந்தையில் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள், விலை விழுந்த காலத்தில் வியாபாரி இன்னும் அமுக்குவான். விற்றே ஆக வேண்டும் என்றால் கறவையில் இருக்கும் இரண்டில் எது இரண்டு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்காமல் இருக்கிறதோ அதைப் பாருங்கள். அதையும் பால் இருக்கும்போதே கொடுங்கள், வற்றிய பிறகு கொடுத்தால் அடிமாட்டு விலைதான். ஆனால் அதற்கு முன்பு மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், பல நேரம் தாது உப்பு இல்லாமல்தான் சினை தங்காமல் இருக்கும்.

"இதை விட்டுவிடலாம் போல இருக்கிறது" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். விட வேண்டுமா வேண்டாமா என்பதை 28 ரூபாய்க் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்பணம் தீரும் வரை வண்டியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், அவர் ஊரைக் கூட்டிவிடுவார். காலைப் பாலை வண்டிக்கும், சாயங்காலப் பாலைச் சங்கத்துக்கும் ஊற்றத் தொடங்குங்கள். சாயங்காலப் பாலில் கொழுப்பு கொஞ்சம் கூடவே இருக்கும், சங்கத்தில் நல்ல விலை கிடைக்கும். இந்த வாரம் ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு படம் எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரைப் பாருங்கள், அதே நாளில் கால்நடை மருந்தகத்துக்கும் போய் வந்துவிடலாம். முதல் பட்டுவாடா ஆனதும் பத்து நாள் சீட்டையும் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த நாள் கொழுப்பு இறங்கியது, எந்த நாள் எஸ்.என்.எஃப் இறங்கியது என்று பார்த்தால் எந்த மாட்டில் கோளாறு, தீவனத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.